முகக்கண்ணாடியில் ஒரு பின்னல்

ஹேவ்லாக் தீவு, அந்தமான்
22.12.2024

அன்புத் தங்கை ஹுமைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அண்ணன் யாஹ்யா உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் எழுதுகிறேன். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

உறையில் இந்தியத் தபால்தலையைப் பார்த்துக் குழம்பியிருப்பாய். நான் நார்வேயில் இல்லை. லீவு கிடைத்ததும் அந்தமானுக்கு வந்துவிட்டேன். நாலு வருஷமாக அந்தக் குளிர்ந்த கடலில் முங்கி, மீன் பண்ணையின் வலைகளைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கையை நீட்டினால் விரல் தெரியாத தண்ணீர். ஒரு தடவையாவது வெதுவெதுப்பான கடலில், சம்பளத்துக்காக இல்லாமல், படம் எடுப்பதற்காக முங்க வேண்டும் என்று ஆசை. கேமரா வாங்கிவிட்டேன். ஆழத்தில் சிவப்பு நிறம்தான் முதலில் மறைந்துபோகும். ஃபிளாஷ் அடித்தால் பவளமெல்லாம் மறுபடியும் சிவந்து தெரியும். அதை உனக்குக் காட்ட வேண்டும்.

பத்து நாள்தான். ஜனவரி முதல் வாரம் சொல்லாமல் வந்து திண்டிவனம் வீட்டுக் கதவைத் தட்டுவேன். அதுவரை அத்தாவிடமும் அம்மாவிடமும் வாயைத் திறக்காதே. உன் வருங்கால மச்சி நாசியாவிடமும்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். உன்னிடம் போன் இல்லை, அத்தாவின் போனுக்கு எதையும் அனுப்ப முடியாது என்பதால்தான் உன் சிநேகிதி வேணி வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

தண்ணீருக்குள் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டாயே. கையால்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் 'நன்றாக இருக்கிறாயா' என்று கேள்வி, 'நன்றாக இருக்கிறேன்' என்று பதிலும் அதுவே. உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. எது சரியில்லையோ அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். யாரும் தனியாக முங்கக் கூடாது, ஜோடியாகத்தான். ஜோடி கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வரவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். உடனே அவரை மேலே கூட்டி வர வேண்டும்.

நாளைக் காலை முதல் முங்கல். இங்கே கொடுக்கிற உடுப்பு சட்டைத் துணி மாதிரி இருக்கிறது. அங்கே எங்கள் உடுப்பு மெத்தை மாதிரி. அது மிதக்கும் என்பதால் இடுப்பில் ஈயக்கட்டிகள் கட்டி அமுக்குவோம். இங்கே இருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

துஆவுடன்,
யாஹ்யா

—

திண்டிவனம்
6.1.2025

அன்பு அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. மற்றபடி எல்லோரும் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபிரிட்ஜ் சத்தம் நின்றால் பேனாவையும் நிறுத்திவிடுகிறேன்.

முதல் வாரம் வருவேன் என்றாய். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வாசலில் உன் ஷூ இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீ வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அத்தாவுக்குப் போன் பண்ணுவாயே, அதுவும் இல்லை. 'வேலை அதிகம், பிறகு பேசுகிறேன்' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. அத்தா அதை மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடுக்க வருகிற எல்லோரிடமும் காட்டி, "நார்வேல பையனுக்கு மூச்சு உட நேரமில்ல" என்கிறார். நீ நார்வேயில் இல்லை என்று எனக்கு மட்டும்தானே தெரியும்?

போன வருஷம் வீட்டுக்குத் தெரியாமல் வேணியின் போனில் பேசியதற்கு அத்தா என்ன செய்தார் என்று உனக்கு நினைவிருக்கும். ஒரு மாதம் டியூஷனை நிறுத்தினார். "இன்னொரு தபா பொய் சொன்னா ஸ்கூலுக்கே முழுக்கு" என்றார். இது அதைவிடப் பெரிய பொய். ஜல்தி வந்துவிடு அண்ணா.

உன் தங்கை,
ஹுமைரா

—

ஹேவ்லாக்
20.1.2025

அன்பு ஹுமைராவுக்கு,

ஸலாம். நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

இன்னும் கொஞ்ச நாள் ஆகும். படங்கள் நினைத்த மாதிரி வரவில்லை. இங்கே சிக்னல் சரியில்லை, அதனால் பேச முடியவில்லை.

மூன்று படம் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கோமாளி மீன் உனக்குப் பிடிக்கும்.

யாஹ்யா

—

திண்டிவனம்
1.2.2025

அண்ணனுக்கு,

ஸலாம். இங்கே நலம் என்று எழுதுவது பழக்கம், எழுதிவிட்டேன்.

கோமாளி மீன் அழகாக இருக்கிறது. ஆனால் மற்ற இரண்டு படத்திலும் நீ இருக்கிறாய். உன்னை எடுத்தது யார்? ஒரு படத்தில், முங்கும்போது நீ முகத்தில் மாட்டியிருக்கிற முகக்கண்ணாடியில் எடுத்த ஆளின் உருவம் சின்னதாக விழுந்திருக்கிறது. வேணி வீட்டில் அவள் அப்பா ராயப்பன் கடிகாரம் ரிப்பேர் செய்கிற லென்ஸ் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தேன். தோளுக்கு மேல் ஒரு நீளப் பின்னல் மிதக்கிறது.

இன்னொரு படத்தில் நீ உள்ளங்கையை விரித்திருக்கிறாய், மற்றொரு கையின் விரல் காதைத் தொடுகிறது. அது என்ன ஜாடை?

வேணியின் அம்மா சவுரியம்மாள் ஆன்ட்டி உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "இன்னாம்மா, அண்ணன்தான் எழுதறானா? அண்ணன் தங்கச்சிக்குக் கூடவா இவ்ளோ ரகசியம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கடிதத்தை நோட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

நேற்று விழுப்புரத்திலிருந்து நாசியா மச்சியின் அத்தா ரபீக் மாமா வந்தார். ஏப்ரல் 27 நிக்காஹ், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. "நார்வே மாப்ளன்னு சொன்னதும் மண்டபக்காரனே நாற்காலி போட்டு உக்கார வெச்சான்" என்று மாமாவுக்கு ஒரே பெருமை. நாசியா மச்சிக்கு இந்த மாதம் பாஸ்போர்ட் வந்துவிடுமாம். லேப் வேலையை மார்ச்சோடு விடுகிறாராம். அம்மா சந்தோஷத்தில் அழுதார். நான் தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

மூன்று கேள்வி கேட்கிறேன். படம் எடுத்தது யார்? அந்த ஜாடை என்ன? எப்போது வருகிறாய்? ஜோடி கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதியது நீதான்.

ஹுமைரா

—

ஹேவ்லாக்
13.2.2025

ஹுமைராவுக்கு,

ஸலாம். நலம்.

படம் எடுத்தது இங்கே முங்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிற கடையில் வேலை செய்கிறவர். கூட முங்குவதற்கு ஆள் வேண்டுமே. நீ பரீட்சைக்குப் படி. லென்ஸ் வைத்துப் படம் பார்க்கிற நேரத்தில் இயற்பியல் பார்.

தினமும் முங்குகிறேன். போன வாரம் எடுத்த இரண்டு படம் இத்துடன்.

நாசியாவிடம் எதுவும் சொல்லாதே.

யாஹ்யா

—

திண்டிவனம்
19.2.2025

அன்பு நாசியா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரபீக் மாமா நலமா? நீங்கள் நலமா?

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அத்தாவின் போனிலிருந்து உங்களிடம் இதைப் பேச முடியாது. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அண்ணன் நார்வேயில் இல்லை. டிசம்பரிலிருந்து அந்தமானில் இருக்கிறான். சொல்லாமல் வந்து உங்களை ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்றான், அதனால் நானும் மறைத்தேன். அவன் வரவில்லை. போனும் பண்ணுவதில்லை. தினமும் முங்குகிறேன் என்று படங்கள் அனுப்புகிறான். ஆனால் ஜனவரியில் வந்த படத்திலும், 'போன வாரம் எடுத்தது' என்று இப்போது வந்த படத்திலும், இடது கட்டைவிரலில் அதே பிளாஸ்திரி, அதே மூலையில் பிரிந்து தொங்குகிறது. எல்லாம் ஒரே நாளில் எடுத்த படங்கள். அப்படியென்றால் இத்தனை நாளாக அவன் முங்கவே இல்லை. எதற்காக அங்கே இருக்கிறான்?

அவனைப் படமெடுத்தது ஒரு பெண். அவன் 'கடையில் வேலை செய்கிறவர்' என்றுதான் எழுதினான்.

தப்பாக எதையும் நினைக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் வேலையை விட்டுவிடப் போகிறீர்கள் என்று அம்மா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனுக்கு நான் துரோகம் செய்கிறேனா, இல்லை உங்களுக்கா என்று தெரியவில்லை.

உங்கள்
ஹுமைரா

—

விழுப்புரம்
25.2.2025

அன்பு ஹுமைராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அத்தாவும் நானும் நலம். மாமிக்கு என் ஸலாம் சொல், ஆனால் கடிதத்தில் சொன்னேன் என்று சொல்லித் தொலைக்காதே.

உன் கடிதத்தில் மை பல இடத்தில் கரைந்திருக்கிறது. அழுதுகொண்டே எழுதினால் எழுத்துப் புரிவதில்லை. அடுத்த தடவை அழுது முடித்துவிட்டு எழுது.

எனக்கும் சந்தேகம் இருந்தது. உன் அண்ணன் முன்பெல்லாம் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார். லேப்புக்குப் போகும்போது, காணை கிராமத்தைத் தாண்டுகிற பஸ்ஸில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டு போவேன், பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்க்கும். டிசம்பர் கடைசியிலிருந்து அது நின்றுவிட்டது. நான் குரல் பதிவு அனுப்பினால், 'எழுதி அனுப்பு' என்று பதில் வருகிறது. என் குரலைக் கேட்கக்கூடப் பிடிக்காத அளவுக்கு என்ன ஆகிவிட்டது என்று நானும் நீ நினைப்பதைத்தான் நினைத்தேன். பாஸ்போர்ட் வந்து மேசையில் கிடக்கிறது. வேலையை விடுவதாக இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் அவரிடம் கேட்க மாட்டேன். கேட்டால் நிக்காஹுக்கு முன்னாலேயே வேவு பார்க்கிற பெண்டாட்டி ஆகிவிடுவேன். அத்தாவிடம் சொன்னால் அன்றைக்கே மண்டபத்தை கேன்சல் செய்துவிட்டு ஊர் முழுக்கப் பேசுவார். நீ தங்கை. நீ கேட்கலாம். அவரிடம் வேண்டாம், மழுப்புவார். அந்தப் பின்னலிடம் கேள். படத்தின் பின்பக்கம் கடையின் முத்திரை இருந்தால் முகவரி இருக்கும்.

எந்தப் பதில் வந்தாலும் அப்படியே எனக்கு அனுப்பு. எதையும் மறைத்து எனக்கு நல்லது செய்யாதே.

நாசியா

—

திண்டிவனம்
28.2.2025

அண்ணன் யாஹ்யாவைப் படமெடுத்த அக்காவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, எழுதுகிறேன்.

நான் அவன் தங்கை, பதினொன்றாம் வகுப்பு. அவனுக்கு ஏப்ரலில் கல்யாணம். பெண்ணின் பெயர் நாசியா. இது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தும் அவனை அங்கே வைத்திருக்கிறீர்கள் என்றால் நான் என்ன எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. தெரியாது என்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை? இது ஒன்றுதான் கேள்வி. பதிலை வேணி வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டுக்கு அனுப்பினால் என் படிப்பு நின்றுவிடும்.

ஹுமைரா

—

ஹேவ்லாக்
12.3.2025

அன்புத் தங்கச்சி ஹுமைராவுக்கு,

வணக்கம். நான் பானுப்ரியா. பின்னல் என்னுடையதுதான். அதை முடிந்து கட்டிக்கொண்டு முங்கச் சொல்லி என் வீட்டுக்காரர் சேரன் தினமும் திட்டுவார். அவர் இங்கே படகு ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். உன் அண்ணன் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். உன் கடிதத்தை நானும் சேரனும் படித்தோம். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன் அண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் நீ கேட்டுவிட்டாய். கேட்டால் பதில் சொல்வது எங்கள் தொழிலில் பழக்கம்.

முதல் நாள் காலையில் உன் அண்ணன் இடுப்பில் கட்ட ஈயக்கட்டி கேட்டார். குளிர்க் கடலில் கட்டுகிற அளவையே கேட்டார். இந்த மெல்லிய உடுப்புக்கு அதில் கால்வாசி போதும் என்றேன். "நாலு வருஷமா கட்டறேங்க, என் இடுப்புக்குத் தெரியாதா" என்றார். காலையில் கரையோரம் முங்கினோம். படமெல்லாம் அப்போது எடுத்ததுதான். அங்கேயே அவர் கல் மாதிரித்தான் இறங்கினார். காதைத் தொட்டுக் காட்டிய படம் இருக்கிறதே, அந்த ஜாடைக்குக் 'காது சரியில்லை' என்று பொருள். மேலே வந்ததும், ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது என்றார், பாரத்தைக் குறைக்கவும் விடவில்லை.

மதியம் ஆழமான இடத்துக்குப் போனோம். படகிலிருந்து குதித்ததும் பாரம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேகமாக இறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமமாவதற்கு நேரம் கிடைக்காது. நான் எட்டிப் பிடித்து, பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, மேலே கொண்டு வந்தேன். கீழே 'நன்றாக இருக்கிறீர்களா' என்று கேட்டேன். கையே அசையவில்லை.

இடது காது போய்விட்டது. வலது காதில் ஓயாத இரைச்சல், இப்போதுதான் கொஞ்சம் கேட்கிறது. பல நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். விமானத்தில் ஏறக் கூடாது என்று போர்ட் பிளேயர் டாக்டர் சொல்லிவிட்டார். இனி முங்கும் வேலைக்கு எந்த நாட்டிலும் அவருக்குத் தகுதிச் சான்று தர மாட்டார்கள். நார்வே முடிந்துவிட்டது. போனில் கேட்காது என்பது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றுதான் பேசுவதில்லை. "நார்வே மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு குடுக்கறாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

உன் சந்தேகத்தில் நான் கோபப்படவில்லை. பரீட்சை நன்றாக எழுது.

பானுப்ரியா

—

திண்டிவனம்
24.3.2025

அண்ணனுக்கு,

ஸலாம். அம்மா நலம், அத்தா நலம், நான் நலமில்லை.

எனக்குத் தெரியும். நாசியா மச்சிக்கும் அனுப்பிவிட்டேன். அவர் எனக்கு ஒரே வரியில் பதில் எழுதினார்: 'அவர் வாயால் சொல்லட்டும்.' அத்தாவிடமும் மாமாவிடமும் நாங்கள் இருவரும் சொல்ல மாட்டோம். நீ சொல்ல வேண்டும்.

இது ஜோடி கேட்கிற கேள்வி. மேலே வா அண்ணா.

ஹுமைரா

—

ஹேவ்லாக்
2.4.2025

ஹுமைராவுக்கு,

ஸலாம். பெருநாள் தொழுகையில் முதல் வரிசையில் நின்றேன், இமாம் ஓதியதில் பாதிதான் கேட்டது. கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

யாஹ்யா

—

திண்டிவனம்
21.4.2025

அன்பு பானுப்ரியா அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் சேரன் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை முறைக்காக எழுதவில்லை.

அண்ணன் போன வாரம் வந்தான். நார்வேயிலிருந்து வந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா பேசினால் வாயைப் பார்த்தே பதில் சொன்னான். அத்தா இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. "வெளிநாடு போனா அப்பன் குரலும் வெளிநாடு ஆயிடுமா" என்றார் அத்தா. தினமும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னான். சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கூடவே மச்சியும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதாவது என்று அம்மா பதறினார். "என் மாமி வீட்டுக்குத்தான் வந்தேன்" என்று மச்சி உள்ளே வந்து சமையலறைக் கதவோரம் என்னோடு நின்றுகொண்டார்.

கூடத்தில் பேச்செல்லாம் நார்வேதான். மாமா, "அங்க வீடு பாத்தாச்சா மாப்ள? குளிருக்கு ஹீட்டர் இருக்கா?" என்று கேட்டார். அண்ணனின் இடது பக்கம் உட்கார்ந்து கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்தபடி டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாடா, மாமா கேட்டுக்கினு இருக்காரு, மலை மாதிரி குந்திக்கினு இருக்கிற?" என்று அத்தா கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தான். நேர் எதிரே மச்சி.

மச்சி உள்ளங்கையை விரித்து ஆட்டினார். பிறகு காதைத் தொட்டார். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க, தன் கையை விரித்து அப்படியே ஆட்டினான். ஆட்டிவிட்டுச் சொல்லத் தொடங்கினான். ஈயக்கட்டி, காது, மாடி அறை, நார்வே முடிந்துபோனது எல்லாம். உங்கள் பெயரையும் சொன்னான்.

மாமா எழுந்து செருப்பைத் தேடினார். "நான் வேலையில இருக்கிற பையனுக்குத்தான் பொண்ணு குடுத்தேன். நாசியா, கிளம்பு."

மச்சி கிளம்பவில்லை. கூடத்துக்குள் நடந்து போய், அண்ணனின் வலது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு வேலை இருக்கு அத்தா, நான் இன்னும் விடல. டீ ஆறிப்போகுது, குடிங்க" என்றார். மாமா நின்றபடியே குடித்தார். இருபத்தேழாம் தேதி என்ன ஆகும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தை கேன்சல் செய்யவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் பயந்துகொண்டிருந்தது வந்தது. அத்தா என் பக்கம் திரும்பினார். "இவன் அந்தமான்ல இருந்தது உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து என்னிடம் காட்டினான். நன்றாக இருக்கிறாயா என்று.

கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் அல்லவா அக்கா? உள்ளங்கையை விரித்து ஆட்டிக் காட்டினேன், சரியில்லை என்று.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எங்கள் எல்லோரையும் தாண்டி வந்து, அத்தாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றான்.

உங்கள் தங்கச்சி,
ஹுமைரா